குல்லா போடாத குற்றம்

1

சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில் என்னைக் கோழை என்று எழுதிய வாசகருக்கு என் வணக்கம். அவருடைய கடிதம் அச்சான இதழ் கப்பலில் நிதானமாகப் பயணம் செய்து இன்று காலைதான் என் கைக்குக் கிடைத்தது. பஸ்ஸின் மேல்தட்டில், ஈரக் கோட்டுகளின் வாடைக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டேன். தொழிற்சாலை வாசலில் நாங்கள் அட்டையைக் குத்தும் கடிகாரம் நான் ஏழு நிமிஷம் தாமதம் என்று சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தது. அந்த ஏழு நிமிஷத்துக்கு அவர்தான் பொறுப்பு.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தலைக்குக் கவசம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இதே பத்திரிகையில் நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசகர் அதற்குச் சொல்லும் பதில்களைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மண்டை வெந்துவிடும். முடி கொட்டிவிடும். பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன தொப்பியைச் சீமைக்குப் போன ஒரு பொடியன் மறுபடியும் நம் தலையில் வைக்கப் பார்க்கிறான். கடைசியாக, ஆண்பிள்ளைக்கு அது அழகல்ல.

முடி கொட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு. ஆனால் விவாதம் செய்து பிரயோஜனமில்லை என்று எனக்கு இந்த ஊரிலேயே தெரிந்துவிட்டது. ஆகையால் என் அக்காள் புருஷன் தலைக்கு நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரைக் கோழை என்று சொல்லவேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தண்டையார்பேட்டைக்காரன். பர்மிங்காமில் மோட்டார் சைக்கிள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரேக் பகுதியில் வேலை கற்றுக்கொள்கிறேன். இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். என் பெயர் சம்பந்தம். அதை மூன்று விதமாகத் தப்பாக எழுதிய மூன்று சர்க்கார் அட்டைகள் என் பையில் இருக்கின்றன. மூன்றும் ஒரே ஆளுடையவை என்று நிரூபிப்பதற்காக நாலாவது அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறேன். தொழிற்சாலையில் எல்லோருக்கும் நான் சாம்.

2

என் அக்காள் சரோஜாவின் புருஷன் ஏகாம்பரம் மாமா. ஒரு கம்பெனியில் தபால் கொண்டுபோகும் வேலை. கம்பெனியின் ஆபீஸ் பீச் பக்கம். அதன் யார்டு வடக்கே, திருவொற்றியூர்க் கடலோரம். கப்பலில் ஏறவேண்டிய சரக்குகளின் காகிதங்களை எடுத்துக்கொண்டு மாமா நாளைக்கு நாலு தடவையாவது இரண்டுக்கும் நடுவில் பறக்கவேண்டும். கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயத்தினால்தான். எனக்காக அல்ல, மாமாவுக்காக.

வண்டி கம்பெனியுடையது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்களே, அப்போது எடுத்த டிஸ்போசல் வண்டி. மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தாலும் உரசின இடமெல்லாம் பட்டாளத்துப் பச்சை தெரியும். முதல் உதையில் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. அதன் பின்சீட்டில் உட்கார்ந்துதான் நான் மோட்டார் சைக்கிள் பைத்தியம் ஆனேன். ராயபுரம் தாண்டி டோல்கேட் வரும்வரை மாட்டுவண்டிக்கும் கைவண்டிக்கும் மீன்கூடைக்கும் நடுவில் மாமா வண்டியை நெளித்து விடுவார்.

"மச்சான், முட்டிய உள்ள இஸ்துக்கோ. மாட்டுக் கொம்புக்கு குட்த்துட்டு அப்பால உங்க அக்கா என்னக் கேக்கும்."

டோல்கேட் தாண்டியதும் கடற்காற்று மூஞ்சியில் அடிக்கும். சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு நான் கத்திப் பேசுவேன். என் தலையிலும் ஒன்றும் இல்லை, மாமா தலையிலும் ஒன்றும் இல்லை. அப்போது நானும் வாசகருடைய கட்சிதான். எண்ணெய் தடவி வாரிய கிராப்பு கலைவதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

கட்சி மாறியது இங்கே வந்த பிறகு. எங்கள் பகுதிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. விழுந்து நொறுங்கிய வண்டிகள் அங்கே வரும். எது வளைந்தது, எது முறிந்தது என்று எழுதி வைக்க எங்களைப் போன்றவர்களை அனுப்புவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வந்த வண்டியைப் பார்த்தபோது அதை ஓட்டினவன் உயிரோடு இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன். முன் சக்கரம் அப்பளம் மாதிரி மடிந்திருந்தது. கைப்பிடியில் ஒரு தலைக்கவசம் தொங்கியது. பானையை வெயிலில் போட்டால் விடுமே விரிசல், அப்படி நெடுக விட்டிருந்தது. டீ நேரத்தில் ஒரு மனிதர் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தார். அந்த வண்டியின் சொந்தக்காரர் அவர்தான். எங்களோடு உட்கார்ந்து பிஸ்கோத்தை டீயில் தோய்த்துத் தின்றார். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் இங்கே வெகு ஜில்லிப்பு என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: தலை என்ன அளவு? மாமாவின் தலை அளவு யாருக்குத் தெரியும்? அக்காளுக்கு எழுதினேன். ஏர் லெட்டருக்குள் எதையும் வைக்கக்கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. அக்காள் பூக்கட்டும் நாரில் அளவெடுத்து அதை உள்ளே வைத்து ஒட்டி அனுப்பிவிட்டாள். அதற்காக எனக்குத் தண்டம் விழுந்தது. கூட எழுதியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை சாப்புட்டு படுத்துகினு இருக்கச் சொல்ல அளந்தேன். கண்ண முழிச்சி, இன்னாடி சவப் பொட்டிக்கு அளவு எடுக்கிறியான்னு கேட்டாரு. நாக்க கடிச்சிகினு ஓடிட்டேன். உனுக்கு இன்னாத்துக்குடா அவுரு தலை?"

பர்மிங்காமில் ஒரு கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டை வாழைநாரை அங்குலக்கோலில் வைத்து நீட்டிப் பார்த்த காட்சியை நான் லேசில் மறக்கமாட்டேன். இந்த ஊரில் கவசத்தைப் புட்டிங் கிண்ணம், அதாவது பலகாரம் வேகவைக்கும் சட்டி என்று கேலி செய்கிறார்கள். ஆகவே வெள்ளைக்காரன் எல்லாம் பயபக்தியோடு அதைப் போட்டுக்கொண்டு போகிறான் என்று வாசகர் நினைத்தால், அதுவும் தப்பு.

3

பார்சலோடு ஒரு பாரம் பூர்த்தி செய்து தரச் சொன்னார்கள். உள்ளே என்ன என்று எழுதவேண்டும். நான் உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் எழுதினேன்: கிராஷ் ஹெல்மெட். அதுதான் நான் செய்த பிசகு.

நம் ஊரில் ஹெல்மெட் என்றால் என்ன? கலெக்டர் துரை முகாமுக்கு வரும்போது தலையில் இருக்குமே, நெட்டியில் செய்த வெயில் தொப்பி, அது. பட்டணத்தில் பார்சல்களைப் பிரித்துப் பார்க்கும் ஆபீஸுக்கு மாமா மூன்று தடவை நடந்தார். முதல் தடவை நடந்த பேச்சை அவர் சொல்லச் சொல்ல அக்காள் எழுதி அனுப்பினாள்.

"ஹெல்மெட்னு போட்டிருக்கு. வெயில் தொப்பியா? விளிம்பையே காணோமே."

"வெயிலுக்கு இல்ல சார். வுயறதுக்கு."

"விழறதுக்கா?"

"வண்டிலேர்ந்து வுயுந்தா தலைக்கு அடிபடாம இருக்கிறதுக்கு சார்."

"விழப்போறோம்னு தெரிஞ்சா வண்டியில ஏன்யா ஏறுறே?"

மாமா பார்சல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டாவது தடவை 'கிராஷ்' என்ற வார்த்தையில் சந்தேகம் வந்து, இது பட்டாளத்துத் தளவாடமா என்று கேட்டார்கள். இல்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். குல்லா ஒன்று துப்பாக்கி அல்ல என்பதற்கு இந்த உலகத்தில் யார் அத்தாட்சி தருவார்கள்? மூன்றாவது தடவை அந்த உத்தியோகஸ்தர் கவசத்தைத் தம் தலையில் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாராம். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். அவருக்கு அது பொருத்தமாக இருந்திருக்கவேண்டும்.

மாமா அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்த முதல் நாள், வண்டி நிற்பதற்கு முன்பே பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

"இன்னா ஏகாம்பரம் துரை, பங்களா எந்தப் பக்கம்?"

"வெள்ளக்காரன் மூட்டை கட்டிகினு பூட்டான். இவுரு இப்பத்தான் தொப்பி வாங்கிகீறாரு."

"சோத்து சட்டியக் காணோம்னு சரோஜா தேடிகினு கீது, எட்த்துகினு வந்துட்டியா மாமு?"

மாமா மானஸ்தர். அதே சமயம் தெருவில் முதலில் சிரிப்பதும் அவர்தான். மற்றவர்கள் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டார்: "இன்னா பண்றது. சீமைக்குப் போன மச்சான் எனுக்கே குல்லா போட்டுட்டான்."

அவ்வளவுதான், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நான் கடிதத்துக்குக் கடிதம் தலைக்கவசம் என்று எழுதுகிறேன். அக்காள் ஒப்புக்கொள்வதாக இல்லை. "கவசம்னா சாமிக்கு வெள்ளில போடறது. உங்க மாமாவுக்கு இன்னாத்துக்கு? அது குல்லாதான்." நான் புறப்பட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த அவள் மகள் வள்ளிக்கு என் முகம் நினைவில்லை. பர்மிங்காம் என்பது வாயில் நுழையவில்லை. அவளுக்கு நான் குல்லா மாமா. போட்டோவைக் காட்டினால், இந்தக் குல்லா மாமா தலையில் ஏன் குல்லா இல்லை என்று கேட்கிறாளாம்.

மறுநாளிலிருந்து அது ஆணியில் தொங்கியது.

4

இந்தக் குல்லா விஷயத்தை நான் தொழிற்சாலையில் ரெக்கிடம் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். ரெக் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். யுத்தத்தில் பட்டாளத்துக்குத் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரராக இருந்தவர். "என் அக்காள் கணவருக்கு நான் தொப்பி போட்டுவிட்டேன் என்று அவர் சொல்கிறார்" என்று அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். "நல்லது, பொருத்தமாக இருந்ததா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் ஏமாற்றிவிட்டேன் என்று அர்த்தம் என்று விளக்கினேன். "அப்படியானால் நீ ஏன் உன் மைத்துனரை ஏமாற்றினாய்?" என்று கேட்டார். அந்த டீ இடைவேளை முழுவதும் என் குடும்பத்தின் நாணயத்தைக் காப்பாற்றுவதில் கழிந்தது.

ஆனால் ரெக்கே கவசம் போடுவதில்லை. யுத்தத்தில் போட்டவர், அதனால் ஒரு தடவை பிழைத்தவர். இப்போது துணித் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார். ஏன் என்று கேட்டால், "ஆறு வருஷம் எதைப் போடவேண்டும், எதைக் கழற்றவேண்டும் என்று ஒருவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான், சாம். இப்போது என் தலை எனக்குச் சொந்தம்" என்கிறார். நான் மேஜையைத் தட்டிப் பேசினேன். உங்கள் தலை உங்களுக்குச் சொந்தமாக இருக்கவேண்டுமானால் முதலில் அது உடையாமல் இருக்கவேண்டும் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெக் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது அவர் வெறும் பிடிவாதக்காரர் என்று தோன்றியது.

ஊரில் என் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்தார். டோல்கேட்டில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காதர் பாய். டிஸ்போசல் வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். குல்லா ஆணியில் தொங்குவது தெரிந்ததும் மாமாவைக் கேட்டிருக்கிறார்.

"ஏகாம்பரம், உன் வண்டில ஹெட்லைட்டு உட்ஞ்சா நான் இன்னா பண்ணுவேன்?"

"வேற போடுவ."

"எங்கேர்ந்து?"

"மூர் மார்க்கெட்லேர்ந்து எட்த்தாருவ."

"உன் கழுத்துக்கு மேல கீறது உட்ஞ்சா? அது எந்தக் கடைல கிடைக்கும், சொல்லு, இப்பவே போயி ஒண்ணு வாங்கியாந்து வெச்சிடறேன்."

"தெருவுல சிரிக்கிறானுங்க பாய்."

"சிரிக்கிறவன் எவனும் உன் பொஞ்சாதிக்கு சோறு போடமாட்டான். நான் தெனம் தொப்பி போட்டுகினுதானே கீறேன். எனக்கு இன்னா முடி கொட்டிப்போச்சா?"

காதர் பாய்க்குத் தொப்பிக்கு அடியில் ஒரு முடி கிடையாது. மாமா சிரித்துவிட்டார். மறுநாள் குல்லா ஆணியிலிருந்து இறங்கியது. மூன்றாம் வாரத்தில் தெரு அலுத்துப்போய் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. அக்காள் எழுதினாள்: "இப்ப அவுரு வர லேட்டானா நான் தெருமுனைக்கு ஓடறதில்ல. போதுமா?"

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் நான் போன கட்டுரையை அத்தனை தைரியமாக எழுதினேன்.

5

கம்பெனி யார்டில் ஒரு விதி உண்டு. பித்தளைத் திருகும் செம்புக் கம்பியும் தலைப்பாகைக்குள் வெளியே போகின்றன என்று சொல்லி, உள்ளே நுழைகிற எந்தத் தொழிலாளியும் தலையில் இருப்பதைக் கேட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். துண்டானாலும் சரி, தலைப்பாகையானாலும் சரி. காதர் பாய் ஒரு முறை அங்கே லாரி ரிப்பேருக்குப் போனவர், தொப்பியைக் கழற்று என்றதும் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். மாமா திரும்பி வர முடியுமா?

வாட்ச்மேன் கண்ணய்யா எங்கள் தெருக்காரர்தான்.

"மாமு, அத்த கயட்டி ஆணில மாட்டிட்டுப் போ."

"நைனா, இது தலப்பா இல்ல. உள்ள பாரு, தக்கையும் துணியும்தான் கீது. ஒரு குண்டூசி கூட இதுல ஒளிக்க முடியாது."

"எனுக்குத் தெரியாதா? தலைல கீறதெல்லாம் கயட்டணும், அதான் ஆர்டரு. நாளைக்கு தலையக் கயட்டணும்னு ஆர்டர் வந்தாலும் நான் கேட்டுத்தான் ஆவணும்."

அந்த நேரம் பார்த்து சூப்பரின்டெண்டு கார் உள்ளே போனது. சூப்பரின்டெண்டு வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர்தான். தலையில் முழு வட்டத்துக்கு வெயில் தொப்பி. கண்ணய்யா சலாம் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அப்ப அது?" என்று மாமா கேட்டார்.

"அது தொப்பி மாமு. உன்னுது குல்லா."

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கடிதத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

வெளியே நெடுஞ்சாலை தார் ரோடு. மாடு இருக்கும், லாரி இருக்கும், ஆனால் தரை தரையாக இருக்கும். யார்டுக்குள்ளே கருங்கல் பாவியிருக்கிறார்கள். அதன் மேல் கடலையெண்ணெய்ப் பீப்பாய்கள் ஒழுகி ஒழுகி ஒரு தோல் படிந்திருக்கும். குறுக்கே கூட்ஸ் வண்டி வரும் தண்டவாளம் கல்லோடு கல்லாகப் புதைந்து ஓடுகிறது. அதன் பள்ளத்தில் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் ஒரு தடவை இறங்கினால் பிறகு வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. நான் பிரேக் படிக்கிறவன், நிச்சயமாகச் சொல்கிறேன், எந்தப் பிரேக்கும் அங்கே உதவாது. ஆக, மாமா நாள் முழுவதும் போகிற வழியில் மிக ஆபத்தான அரை மைல் எதுவோ, அந்த அரை மைலை மட்டும் வெறுந்தலையோடு போகவேண்டும். குல்லா கேட்டில் பத்திரமாக இருக்கும்.

ஐப்பசி மழை தூறிய ஒரு காலையில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. தோள் எலும்பு முறிந்தது. தலை தண்டவாளத்தின் மேலேயே மோதியது. இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்தபோது அக்காள் இடது பக்கம் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். மாமா அவளைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இடது காது போய்விட்டது. வலது பக்கம் வந்து கூப்பிட்டதும் திரும்பினாராம்.

ஹாரன் காதில் விழாது என்று எழுதினாரே வாசகர். இப்போது மாமாவுக்கு லாரியின் ஹாரன் ஒரு பக்கம்தான் விழுகிறது. குல்லா போட்டதனால் அல்ல.

6

இரண்டு மாதம் கழித்து மாமா வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். ஆபீஸில் ஒரு காகிதத்தை டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கவேண்டும். விசாரணை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அக்காளுக்கு அப்போது ஏழாவது மாதம். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. காதர் பாய் அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி எனக்கு அனுப்பினார். அதன் தமிழ் இது:

'ஊழியர் தமக்குச் சொந்தமான தலைக்கவசத்தை வைத்திருந்தும் விபத்தின்போது அதை அணியாமல் வண்டி ஓட்டியது அவருடைய சொந்தக் கவனக்குறைவே. இனி இவ்வாறு நடவாதென்று உறுதி கூறுகிறார்.'

நான் இதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. குல்லா ஒன்றே இல்லாமல் இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க முடியாது. ஊரில் வேறு எந்த மோட்டார் சைக்கிள்காரன் விழுந்தாலும் விதி என்று விட்டிருப்பார்கள். இவரிடம் ஒன்று இருந்தது. அதைப் பட்டணத்துக்கு வாங்கி அனுப்பியவன் நான். கழற்றச் சொன்ன வாயும் காகிதம் டைப் அடித்த கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன, அந்த உடம்புக்கு ஒரு கூச்சமும் இல்லை. கேட்டில் கழற்றினார் என்ற ஒரு வார்த்தை அந்தக் காகிதத்தில் எங்காவது உண்டா? கண்ணய்யாவைக் கேட்டார்களா? அந்த விதியை எழுதிப் பலகையில் மாட்டியிருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. அது வாயால் சொன்ன விதி. வாயால் சொன்னதை வாயாலேயே இல்லை என்று சொல்லிவிடலாம்.

நான் நாலு பக்கம் எழுதினேன். கையெழுத்துப் போடாதீர்கள், மாமா. போட்டால் உங்கள் காதை நீங்களே கெடுத்துக்கொண்டதாக ஆகும். உங்களுக்குப் பின்னால் அங்கே விழப்போகிற ஒவ்வொருவனையும் இந்தக் காகிதத்தைக் காட்டி அடிப்பார்கள். கம்பெனிக்கு அனுப்ப இங்கிலீஷில் ஒரு பதிலும் எழுதி உடன் வைத்தேன். அதில் எட்டு தடவை 'ஆகவே' வருகிறது. ரெக்கைப் படித்துப் பார்த்து இங்கிலீஷைத் திருத்தச் சொன்னேன்.

ரெக் கம்பெனிக் காகிதத்தைத்தான் முதலில் படித்தார். கையில் இருந்த பிரேக் லைனிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஏன் போடுவதில்லை என்று கேட்டாயே. இதற்காகத்தான். போடு என்பவனும் கழற்று என்பவனும் ஒருவனாகவே இருக்கிறான். தப்பு மட்டும் எப்போதும் போட்டுக்கொள்கிறவனுடையது."

"அப்படியானால் போடவே கூடாது என்கிறீர்களா?"

"உன் மைத்துனர் போட்டுக்கொள்ளட்டும். அவர் தலைதான் உடைந்தது. நான் என்னைச் சொன்னேன்."

என் இங்கிலீஷில் இரண்டு 'ஆகவே'யை அடித்துக் கொடுத்தார். நான் அதை மடித்து உறையில் போட்டேன். அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தேனே என்று சங்கடமாக இருந்தது.

7

என் நாலு பக்கமும் போய்ச் சேர்வதற்கு முன்பே மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

காதர் பாய் கோபமாக எழுதினார். "தம்பி, நான் தலபாடா அட்ச்சிகினேன். கேக்கல. பேனாவ வாங்கி சோக்கா கையெழுத்து போட்டுட்டு, இதுக்கு ஒரு காப்பி குடுங்க சார்னு மட்டும் கேட்டுச்சு. குட்த்தானுங்க. சீல் போட்டு குட்த்தானுங்க. எனுக்கு பேஜாரா பூட்ச்சு. நாலு நாளா ஏகாம்பரம் கூட நான் பேசல."

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதவேண்டாம். அன்று பிரேக் டிரம் ஒன்றைத் தலைகீழாக மாட்டி, போர்மன் வாயில் விழுந்தேன். ஏழாவது மாதக்காரி வீட்டில் இருக்கும்போது ஒரு மனிதன் வேறு என்ன செய்வான் என்று என் புத்தி சொல்லிற்று. ஆனாலும் மாமா தோற்றுவிட்டார், என் குல்லாவினால் தோற்றார் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. நான் இரண்டு வாரம் வீட்டுக்குக் கடிதம் போடவில்லை.

பிறகு அக்காளின் கடிதம் வந்தது. மாமா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நடந்ததைக் கண்ணய்யாவே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். அவள் எழுதியதை நான் கொஞ்சம் ஒழுங்கு செய்து தருகிறேன்.

மாமா வண்டியைக் கேட்டில் நிறுத்தினார். குல்லா தலையில் இருந்தது. கண்ணய்யா கையை நீட்டினார்.

"வந்துட்டியா மாமு. ஒடம்பு தாவலையா? குல்லாவ குடு."

"கயட்ட முடியாது நைனா."

"ஆரம்பிக்காத மாமு. இன்னிக்குத்தான் வந்துகீற. ஆர்டரு கீது."

"எனுக்கும் ஆர்டரு கீது." மாமா சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "படி. உனுக்குப் படிக்க வராது, ஆபீசுல கீறவனக் கூட்டாந்து படிக்கச் சொல்லு. குல்லா போடாம உள்ள வண்டி ஓட்னது என் தப்புன்னு கம்பெனி எயுதிகீது. இனிமே அப்டி பண்ணமாட்டேன்னு நான் கையெழுத்து போட்டுகீறேன். இப்ப நான் கயட்னா ரெண்டாவது தப்பு. நீ கயட்டச் சொன்னா அது உன் தப்பு. இன்னா சொல்ற?"

கண்ணய்யா காகிதத்தை எடுத்துக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போனார். அங்கிருந்து ஒருவர் அதைச் சூப்பரின்டெண்டிடம் கொண்டுபோனார். கால் மணி நேரம் கேட் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மாமா வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். யாரோ பின்னாலிருந்து இடது பக்கமாகத் திட்டியது அவருக்குக் கேட்கவில்லை.

காகிதம் திரும்பி வந்தது. அதன்மேல் யாரும் ஒன்றும் எழுதவில்லை. உத்தரவு என்று எவரும் வாய் திறந்து சொல்லவுமில்லை. கண்ணய்யா அதைக் கொடுத்துவிட்டுக் கேட்டை அகலமாகத் திறந்தார்.

"போ மாமு. பாத்துப் போ, தண்டவாளம் ஈரமா கீது."

இப்போது தினம் அப்படித்தான் போகிறாராம். ஆனால் ஷிப்டுக்கு ஷிப்டு வாட்ச்மேன் மாறுகிறார்கள், புது ஆள் எவனும் கையை நீட்டுவான். தினமும் சட்டைப் பையில் வைத்து வியர்வையில் காகிதம் கிழிந்துவிடப் போகிறதென்று அக்காள் ஒரு வேலை செய்திருக்கிறாள். குல்லாவுக்கு உள்ளே இருக்கும் துணியைக் கொஞ்சம் பிரித்து, காகிதத்தை எட்டாக மடித்து உள்ளே வைத்து, வாயைத் தைத்துவிட்டாள். கேட்டால் குல்லாவைக் கழற்றி, தையலைத் தொட்டுக் காட்டி, மறுபடியும் போட்டுக்கொண்டு போகவேண்டியது.

"கொஞ்சம் டைட்டா கீதுன்னு சொல்றாரு" என்று அக்காள் முடித்திருக்கிறாள். "நீ அனுப்பச் சொல்ல சரியாத்தான் இருந்திச்சி. உள்ள அந்தக் காகிதம் பூந்ததுலேர்ந்து நெத்தில ஒரு கோடு வியுது. பெரிசா வேற ஒண்ணு அனுப்பிடாதே. நூல் தளர்த்தி நானே பாத்துக்கிறேன்."